யார் மேல் தப்பு?

சாலையில் "சாரி சார், பார்க்கல" என்றவர், சாயங்காலம் ஃபோன் செய்தால் "நீங்கதான் சார் வந்து இடிச்சீங்க" என்பார். சென்னையில் வாகன இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருக்கும் ஒருவர், தன் தொழிலில் அதிகம் கேட்ட புகார் இதுதான் என்கிறார். பெரிய விபத்து என்றால் போலீஸ் வரும், எஃப்.ஐ.ஆர் வரும், வரைபடம் வரும். சின்ன இடியில் இது எதுவும் கிடையாது. ஒரு பம்பர், ஒரு டெய்ல் லேம்ப், இரண்டு பேரின் வாய்வார்த்தை. அவ்வளவுதான்.

ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்து, டீலர் ஒர்க்‌ஷாப்பில் எண்ணெயும் கிரீஸுமாகக் கொஞ்ச காலம் கழித்து, பிறகு தேர்வெழுதி சர்வேயர் உரிமம் வாங்கியவர் அவர். உரிமம் கொடுப்பது இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஒரு காலத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் போகும் கிளைம் என்றாலே உரிமம் பெற்ற சர்வேயர் பார்த்தாக வேண்டும். 2015 விதிமுறைகளுக்குப் பிறகு வாகனங்களுக்கு அந்த வரம்பு 50,000 ரூபாய் ஆனது. அதற்குக் கீழே உள்ளவற்றைக் கம்பெனி ஆட்களே ஃபோட்டோவிலும் வீடியோ காலிலும் பார்த்து முடித்துவிடுகிறார்கள். இருந்தாலும் "ஆப்போசிட் பார்ட்டி ஒத்துக்கல" என்று ஃபைலில் ஒரு வரி இருந்தால், தொகை சிறியதென்றாலும் அவரைக் கூப்பிடுவது வழக்கம்.

சேதமும் சொன்ன கதையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதும், எவ்வளவு செலவாகும் என்று மதிப்பிடுவதும்தான் அவர் வேலை. தப்பு யார் மேல் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை. வண்டிக்காரர்களுக்கு இது புரிவதே இல்லை. "சார், அவன்தான் இடிச்சான்னு எழுதுங்க" என்று கையைப் பிடிப்பார்கள். காம்ப்ரிஹென்சிவ் பாலிசி இருந்தால் தன் வண்டியின் சேதத்துக்குத் தன் கம்பெனியிடம் பணம் வாங்க, எதிராளியின் ஒப்புதல் தேவையே இல்லை. தப்பு தன்னுடையதாகவே இருந்தாலும் கம்பெனி கொடுக்கும். லைசென்ஸ் இருக்க வேண்டும், குடித்திருக்கக் கூடாது, சொன்னது உண்மையாக இருக்க வேண்டும். எதிராளியை ஒத்துக்கொள்ள வைக்க நடுரோட்டில் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிறார்களே, அந்த நேரத்தில் நாலு ஃபோட்டோ எடுத்திருக்கலாம் என்பது அவருடைய ஆதங்கம்.

மறுக்கிறவர்கள் எல்லாரும் பொய்யர்கள் என்று அவர் நினைப்பதில்லை. எந்த கார் பாலிசியையும் புரட்டினால் நிபந்தனைகளில் ஒன்று இப்படி இருக்கும்: கம்பெனியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல், பாலிசிதாரர் பொறுப்பை ஒத்துக்கொள்ளவோ, பணம் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்கவோ கூடாது. சாலையில் "சாரி" சொன்னவர் வீட்டுக்குப் போய் ஏஜென்டைக் கேட்டிருப்பார். "எதுக்கு சார் ஒத்துக்கிட்டீங்க?" என்று ஏஜென்ட் கடிந்திருப்பார். சாயங்காலம் குரல் மாறிவிடும். இன்னொரு வகையினர் உண்மையாகவே வேறு மாதிரிப் பார்த்தவர்கள். கண்ணாடியில் இல்லாத வண்டி திடீரென்று பக்கத்தில் முளைத்தால், அது வேகமாக வந்து புகுந்ததாகத்தான் மனசில் பதியும். இந்த இரண்டு வகையோடும் வாதாடிப் பயன் இல்லை. வண்டியைத்தான் கேட்க வேண்டும்.

மேம்பாலத்து ஏற்றத்தில் நடந்த ஒரு கேஸை அவர் புதிதாக வருகிற பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். நெரிசலில் நின்று நின்று ஏறும் வரிசை. முன்னால் ஒரு டாக்ஸி, பின்னால் ஒரு ஹேட்ச்பேக். டாக்ஸியின் பின் பம்பரில் நசுங்கல். ஹேட்ச்பேக்கின் முன் பம்பரிலும் கிரில்லிலும் விரிசல். டாக்ஸி டிரைவர், "பிரேக் பிடிக்காம வந்து சொருகிட்டாரு" என்றார். ஹேட்ச்பேக் ஓட்டிய அம்மா, தான் நின்றுகொண்டிருந்ததாகவும், டாக்ஸிதான் கிளட்ச்சை விட்டுப் பின்னால் உருண்டு வந்ததாகவும் சொன்னார். கூடியிருந்த கூட்டம் ஒரே குரலில் பின்னால் இருந்தவர் மேல்தான் தப்பு என்றது. அந்த அம்மா அழுதேவிட்டார்.

இரண்டு வண்டியையும் ஒரே நாளில் பார்க்க அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. அது எப்போதும் கிடைப்பதில்லை. சமதளத்தில் நிறுத்தச் சொல்லி, டயர்களில் காற்றைச் சரிபார்த்துவிட்டு, டேப்பை எடுத்துத் தரையிலிருந்து உயரம் அளந்தார். ஹேட்ச்பேக்கின் முன் நம்பர் பிளேட்டை இரண்டு போல்ட் பிடித்திருந்தன. டாக்ஸி பம்பரில் பெயிண்ட்டின் மேல் இரண்டு வட்டப் பள்ளங்கள், அதே இடைவெளியில். அந்தப் பள்ளங்களின் உயரமும் போல்ட்டின் உயரமும் ஒன்றாக இருந்தன. ஓடுகிற கார் பிரேக் அடித்தால் மூக்கு குனியும். ஸ்பிரிங் அமுங்கி முன் பம்பர் ஓரிரு அங்குலமாவது இறங்கும். பிரேக் அடித்துக்கொண்டே போய் இடித்திருந்தால் தடம் கீழே விழுந்திருக்க வேண்டும். இங்கே விழவில்லை. நின்ற வண்டியின் மேல் மெதுவாக வந்து அழுத்திய தடம் போலத்தான் இருந்தது. பள்ளங்களைச் சுற்றி இழுபட்ட கீறலும் கிடையாது.

ஆனால் ஹேட்ச்பேக் பிரேக்கே அடிக்காமல் நகர்ந்து போய் முட்டியிருந்தாலும் தடம் இதே உயரத்தில்தான் விழும். அதனால் 'பாலிசிதாரரின் கூற்றுக்கு சேதம் முரண்படவில்லை' என்ற அளவோடு எழுதிவிட்டு, அளவுகளையும் படங்களையும் இணைத்தார். தெரிந்ததற்கு மேல் ஒரு சொல்கூட எழுதாமல் இருப்பதைத்தான் இந்தத் தொழிலின் மரியாதை என்று அவர் கருதுகிறார். நாமும் அப்படித்தான் நினைக்கிறோம். அந்த அம்மாவுக்குக் கம்பெனி பணம் கொடுத்தது. பின்னால் டாக்ஸிக்காரர் நோட்டீஸ் அனுப்பியபோது, பதில் சொல்ல அந்த அளவுகள்தான் உதவின.

'பின்னால் இடித்தவன் மேல்தான் தப்பு' என்பது ஊர் அறிந்த சட்டம். அதில் பாதிக்கு மேல் உண்மையும் உண்டு. முன்னால் போகிற வண்டி திடீரென்று நின்றாலும் மோதாத அளவுக்கு இடைவெளி விட வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகள் சொல்லின. 2017-இல் வந்த புதிய ஓட்டுநர் ஒழுங்குமுறைகளும் அதையே சொல்கின்றன. 2018-இல் ஒரு லாரியின் பின்னால் மோதிய காரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த விதியைக் காட்டித்தான் கார் டிரைவர் மேல் தப்பு என்றது. ஆனால் 2025 ஜூலையில் நம் கோயம்புத்தூர் விபத்து ஒன்றில் அதே நீதிமன்றம் வேறு பக்கத்தையும் பார்த்தது. 2017-இல் நடந்தது அது. முன்னால் போன கார் நெடுஞ்சாலையில் சட்டென்று நிற்க, பைக்கில் வந்த பொறியியல் மாணவர் அதன் பின்னால் மோதி விழுந்தார். பின்னால் வந்த பஸ் காலில் ஏறியதில், அந்தக் காலையே இழந்தார். கூட இருந்த மனைவிக்குக் குமட்டல் வந்ததால் நிறுத்தியதாகக் கார்க்காரர் சொன்னார். சிக்னல் எதுவும் காட்டாமல் நெடுஞ்சாலை நடுவில் நிறுத்தியதற்காக அவர் மேல் 50 சதவீதமும், பஸ் மேல் 30 சதவீதமும், இடைவெளி விடாத மாணவர் மேல் 20 சதவீதமும் பொறுப்பு என்று தீர்ப்பானது. தப்பை முழுசாக ஒருவர் தலையிலேயே கட்ட வேண்டியதில்லை என்பதற்கு சர்வேயர் இப்போது இந்தத் தீர்ப்பைத்தான் எடுத்துக்காட்டுகிறார்.

பக்கவாட்டு உரசல்கள் இன்னும் சிக்கலானவை. வலதுபுறக் கதவு நீளத்துக்குக் கோடு விழுந்திருக்கும். இருவருமே "நான் நேராத்தான் போனேன்" என்பார்கள். அவர் கீறலின் மேல் விரல் நகத்தை வைத்து ஒரு பக்கமாக இழுத்துப் பார்ப்பார், பிறகு எதிர்ப்பக்கமாக. ஒரு திசையில் நகம் வழுக்கிக்கொண்டு போகும், மறு திசையில் தட்டும். உரித்துக்கொண்டு போன பெயிண்ட் கோட்டின் முடிவில் சுருண்டு குவிந்திருக்கும். கீறல் முன்னாலிருந்து பின்னால் போயிருந்தால், இந்த வண்டி மற்றதைவிட வேகமாகப் போயிருக்கிறது என்று அர்த்தம். பின்னாலிருந்து முன்னால் என்றால் மற்ற வண்டி இதைத் தாண்டிப் போயிருக்கிறது. "அவன் ஓவர்டேக் பண்ணி இடிச்சான்" என்பவர் கதவிலேயே அதற்கு நேர்மாறான கதை எழுதியிருப்பதும் உண்டு.

இண்டிகேட்டர் தகராறும் அப்படித்தான். போட்டேன் என்பார் ஒருவர், போடவே இல்லை என்பார் இன்னொருவர். பழைய மாடல்களில் பல்பு உடைந்திருந்தால் அதைத் துடைத்துத் தூக்கிப் போட விடமாட்டார் அவர். எரிந்துகொண்டிருக்கும்போது பலமான அடி விழுந்தால் பழுத்த இழை நீண்டு கோணலாகும்; கண்ணாடியும் உடைந்தால் காற்றுப் பட்டுக் கருகி, வெளிறிய பொடி படியும். அணைந்திருந்த பல்பின் இழை நெளியாமல் முறியும். சின்ன இடிகளில் இது அபூர்வமாகத்தான் கிடைக்கும். எல்.இ.டி வந்தபின் அந்த சாட்சியும் இல்லை.

அதனால்தான் வண்டிகளை நகர்த்துவதற்கு முந்தைய சில நிமிடங்களை அவர் அவ்வளவு பெரிதாகப் பேசுகிறார். ஆள் அடிபட்டிருந்தால் முதலில் 108. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவும் மருத்துவ உதவியைத்தான் டிரைவரின் முதல் கடமையாக வைக்கிறது. யாருக்கும் காயம் இல்லை என்றால் ஃபோனை எடுக்க வேண்டும். பெரும்பாலானோர் நசுங்கிய இடத்தை மட்டும் கிட்டப் போய் எடுத்துக்கொண்டு வருவார்கள். அதை ஒர்க்‌ஷாப்பிலேயே எடுத்துக்கொள்ளலாமே. சாலையில் மட்டும் கிடைப்பது வேறு: பத்தடி தள்ளி நின்று இரண்டு வண்டியும், ரோட்டின் வெள்ளைக்கோடும், ஒரு கடை போர்டும் தெரிகிற மாதிரி ஒரு படம், நம்பர் பிளேட், எதிராளி வண்டியில் இடிபட்ட இடம். எல்லாவற்றையும்விட முக்கியம், முன்சக்கரங்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்பது. நேராகப் போனேன் என்றவரின் சக்கரம் இடப்பக்கம் ஒடித்து நின்றால், அதற்கு மேல் வாதமே வேண்டாம்.

தரையையும் ஒரு படம் எடுக்கச் சொல்வார். வண்டியின் மட்கார்டுக்குள் காய்ந்து ஒட்டியிருக்கும் சேறு, இடிபட்ட அதிர்ச்சியில் கட்டியாக உதிரும். மழைக்காலம் முடிந்த பின் சென்னை வண்டிகள் எல்லாவற்றிலும் இது இருக்கும். அந்த மண் எங்கே விழுந்திருக்கிறதோ, ஏறத்தாழ அங்கேதான் இடி நடந்திருக்கிறது. உருண்டோடும் கண்ணாடித் துண்டுகளைவிட இதை நம்பலாம். அடுத்த இரண்டு பஸ் ஏறிப் போய்விட்டால் அதுவும் போய்விடும்.

படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு ஒரிஜினலை அழித்துவிடுகிறவர்கள் உண்டு. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி, எடுத்த நேரத்தையும் இடத்தையும் உதிர்த்துவிடும். டேஷ்கேம் இருந்தால் மெமரி கார்டை அன்றைக்கே கழற்றி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓட ஓட அழிந்து அதன் மேலேயே புதுப் பதிவு ஏறும். கோர்ட்டுக்குப் போனால் 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழோடு கொடுக்க வேண்டிய சாட்சி அது.

கடை கேமராவுக்கும் அதே அவசரம். ரெக்கார்டரில் இடம் நிறைந்தால் பழையது அழியும். சில கடைகளில் மாதக்கணக்கில் இருக்கும், சிலவற்றில் ஒரு வாரம்கூட இருக்காது. கடைக்காரர் முன்பின் தெரியாதவருக்குக் கொடுக்கத் தயங்குவார். "அண்ணே, எனக்குக் கொடுக்க வேணாம், அழியாம மட்டும் எடுத்து வச்சிருங்க. ஸ்டேஷன்ல இருந்து கேப்பாங்க" என்று பணிவாகச் சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள். திரையில் ஓடும் கடிகாரத்தையும் தன் ஃபோன் கடிகாரத்தையும் ஒரே ஃப்ரேமில் படம் எடுத்துவிட்டு வருவது அவருடைய பழக்கம். ரெக்கார்டர் கடிகாரங்கள் பத்து நிமிடம், அரை மணி என்று பிசகியிருக்கும். 'அந்த நேரத்தில் நான் அங்கேயே இல்லை' என்று எதிராளி சொல்ல அந்தப் பிசகே இடம் கொடுத்துவிடும்.

சாலையில் செய்யக் கூடாதவற்றில் முதலாவது சாவியைப் பிடுங்குவது. இரண்டாவது, ரெண்டாயிரம் ஜிபேயில் போட்டுவிட்டு "முடிஞ்சது" என்று நம்புவது. எதற்காகக் கொடுத்தது, இத்தோடு தீர்ந்ததா என்று எழுத்து இல்லாவிட்டால் மறுநாள் அதே பணம் 'தப்பை ஒத்துக்கொண்டதற்கு' அடையாளமாகக் காட்டப்படும். பேசித் தீர்ப்பதை அவர் குறை சொல்லவில்லை. தீர்த்தால் வண்டி எண்கள், தேதி, தொகை, இருவர் கையெழுத்து என நாலு வரி எழுதச் சொல்கிறார். எம்பரிவாகன் ஆப்பில் எண்ணைப் போட்டால் எதிராளி வண்டிக்கு இன்ஷூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். அது தெரியாமல் பேரம் பேச உட்காரக் கூடாது.

இத்தனையும் சரியாகச் செய்துவிட்டு ஒர்க்‌ஷாப் கவுன்ட்டரில் கோட்டை விடுகிறவர்களைப் பார்த்தால் அவருக்கு மனசு கேட்பதில்லை. கிளைம் ஃபாரத்தில் 'விபத்து எப்படி நடந்தது' என்று ஒரு கட்டம். "இன்னொரு வண்டின்னு எழுதுனா கேள்வி கேப்பாங்க சார், நாய் குறுக்க வந்துச்சு, செவுத்துல மோதிட்டேன்னு போட்டுருங்க" என்று யாராவது யோசனை சொல்வார்கள். எதிராளி மறுப்பதால் அலுத்துப் போயிருக்கிற வண்டிக்காரர் தலையாட்டிவிடுவார். சர்வேயர் வந்து பார்த்தால் ஃபெண்டரில் நீல பெயிண்ட் ஒட்டியிருக்கும். சுவரில் மோதினால் இருக்க வேண்டிய சிமென்ட் தூள் இருக்காது. அடி பட்ட உயரம் இன்னொரு காரின் பம்பர் உயரம். உண்மையைச் சொல்லியிருந்தால் நியாயமாகக் கிடைத்திருக்க வேண்டிய பணம், உண்மையை மறைத்தார் என்ற காரணத்துக்காக நிராகரிக்கப்படும். நிராகரிப்புக் கடிதம் வந்தபின் தலையில் கை வைத்து உட்கார்ந்த பலரை அவர் பார்த்திருக்கிறார். 'எதிரே வந்த வண்டி மோதியது, அவர் மறுக்கிறார்' என்று உள்ளபடி எழுதினால் எந்தக் கேடும் இல்லை.

கிளைம் போடவே வேண்டுமா என்பது வேறு கணக்கு. பின் பம்பர் மாற்ற 6,000, பெயிண்டிங் 4,000, கூலி 1,000, ஆக 11,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், ஜிஎஸ்டியை விட்டுவிடலாம். பிளாஸ்டிக் பாகத்துக்குத் தேய்மானம் 50 சதவீதம், எனவே பம்பருக்கு 3,000 போகும். பெயிண்டிங்கில் கால் பங்கைப் பொருள் செலவாக எடுத்து அதில் பாதி, 500 கழியும். 1,500 சிசி வரையிலான காருக்குக் கட்டாயக் கழிவு 1,000. கைக்கு வருவது 6,500. இவருக்கு 50 சதவீத நோ கிளைம் போனஸ் இருந்து, போனஸுக்கு முந்தைய சொந்தச் சேத பிரீமியம் 12,000 என்றால் இதுவரை 6,000 கட்டியிருப்பார். கிளைம் போட்டால் அடுத்த ஆண்டு முழு 12,000. பிறகு 20, 25, 35, 45 என்று மறுபடி படியேறி 50-ஐத் தொடுவதற்குள் மொத்தம் 15,000 ரூபாய் அதிகம் கட்டியிருப்பார். 6,500 வாங்க 15,000. தேய்மானம் பிடிக்காத 'பம்பர் டு பம்பர்' எடுத்திருந்தாலும் இந்த உதாரணத்தில் கணக்கு பெரிதாக மாறாது. (புது வண்டிகளுக்கு அதை ஐந்தாண்டு கட்டாயமாக்கி 2021 ஆகஸ்ட்டில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, அடுத்த மாதமே திரும்பப் பெற்றது பலருக்கு நினைவிருக்கும்.) நோ கிளைம் போனஸ் சொந்தச் சேத கிளைமுக்கு மட்டும் உரியது. மூன்றாம் நபருக்குத் தன் கம்பெனி கொடுக்கும் இழப்பீட்டால் அது போகாது. போனஸ் போய்விடுமோ என்று பயந்தே தப்பை மறுக்கும் எதிராளிகளுக்கு யாராவது இதைச் சொல்ல வேண்டும் என்பார்.

உண்மையில் எதிராளியின் மறுப்பு வயிற்றில் அடிப்பது தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருப்பவர்களைத்தான். பழைய மாருதி, பழைய ஆம்னி, வாடகைக்கு ஓடும் வேன். அவர்களுக்குத் தங்கள் கம்பெனியிலிருந்து சேதத்துக்கு ஒரு பைசா வராது. எதிராளியின் பாலிசியில் மூன்றாம் நபரின் சொத்துச் சேதத்துக்குக் கார் என்றால் வழக்கமாக 7.5 லட்சம் வரை, இருசக்கர வாகனம் என்றால் 1 லட்சம் வரை இடம் உண்டு. பிரீமியம் குறைய வேண்டும் என்று அதை 6,000 ரூபாயாகச் சுருக்கிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பணத்தை நேராகப் போய்க் கேட்டுவிட முடியாது. மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். சென்னையில் அது சிறுவழக்குகள் நீதிமன்றத்தில் இருக்கிறது. 2022 ஏப்ரல் முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்ற வரம்பும் வந்துவிட்டது. அங்கேதான் யார் மேல் தப்பு என்பது முதல் கேள்வி.

அப்படி ஒரு வேன்காரர். ஸ்கூல் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பியபோது, சந்திலிருந்து ரிவர்ஸில் வந்த பெரிய கார் வேனின் கதவை நசுக்கிவிட்டது. வேன்தான் வேகமாக வந்தது என்று கார்க்காரர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். சர்வேயருக்கு இதில் எந்த அலுவலும் கிடையாது. பட்டறையில் வேறு வண்டி பார்க்கப் போனபோது டிங்கர், "சார், இந்தத் தம்பிக்கு ஒரு வழி சொல்லுங்க" என்று அழைத்துவந்தார். கதவை அவர் பார்த்தார். அடி குறுக்கே, நேராக உள்ளே இறங்கியிருந்தது. வேகமாக ஓடுகிற வண்டியின் கதவில் விழும் அடி பின்னோக்கி இழுபட்டிருக்கும். வேன் மெதுவாகப் போயிருக்கிறது, அல்லது நின்றே இருந்திருக்கிறது. எதிர்ப்பக்க மருந்துக்கடையில் கேமரா இருந்தது. ஸ்டேஷனில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர் ரசீது வாங்கச் சொன்னார். கதவை நிமிர்த்துவதற்கு முன் ஸ்கேல் வைத்துப் படம் எடுக்கச் சொன்னார். எஸ்டிமேட்டையும், உடைந்த பாகங்களையும் தூக்கிப் போடாமல் வைக்கச் சொன்னார். வக்கீல் நோட்டீஸில் ரெக்கார்டரின் கடிகாரப் பிசகு முதற்கொண்டு எல்லாம் எழுதி, கார்க்காரருக்கும் அவர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் சேர்த்து அனுப்பினார்கள். மனுப் போடும் முன்பே கார்க்காரரின் மைத்துனர் பட்டறைக்கு வந்து எஸ்டிமேட்டைக் கேட்டார். கூலியில் கொஞ்சம் குறைக்கச் சொன்னார், டிங்கர் குறைத்தார். வண்டி எண்கள், தேதி, தொகை, 'இந்தச் சேதம் குறித்து இனிக் கோரிக்கை இல்லை' என்ற வரி, இருவர் கையெழுத்து. வேன் அடுத்த திங்கட்கிழமை ஸ்கூல் டிரிப்புக்குப் போனது.